வெள்ளி மீனின் வலக்கண்

அந்த வெள்ளி மீன் என் சுண்டுவிரலில் பாதி நீளம்தான் இருக்கும். முந்தானையைத் தோளில் பிடித்து நிறுத்தும் ஊசியிலிருந்து தொங்கும். உடல் முழுக்க மெல்லிய வளையங்களைக் கோத்துச் செய்தது. உள்ளங்கையில் வைத்தால் முதலில் சில்லென்றிருக்கும். வாலை ஒருமுறை நெளித்துவிட்டுக் கைச்சூட்டுக்குப் பழகிக்கொள்ளும். அசைத்தால், விரலிடுக்கில் அரிசியை வழிய விட்டதுபோல் சன்னமாக ஒலிக்கும். கடற்காற்றில் கறுத்துவிடுகிறதென்று எங்கள் ஹெட் கிளார்க் அக்கா அதை வாரந்தோறும் பல்பொடி போட்டுத் தேய்ப்பார். ஆகவே மீனுக்கு எப்போதும் கிராம்பு வாசனை. இருபுறமும் கடுகைவிடச் சற்றே பெரிய சிவப்புக் கல், கண்ணாக.

அதைக் கொடுத்தவர் கப்பலில் செகண்ட் இன்ஜினியர். "நான் கடல்ல இருக்கும்போது இது உன்னைப் பாத்துக்கிட்டு இருக்கும்" என்றாராம். அக்கா நாற்பத்து நான்கு வயதில் கல்யாணத்துக்குச் சம்மதித்தது அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். வியாழக்கிழமை மெயின்லேண்டிலிருந்து எங்கள் தீவுக்கு அவர் கப்பல் வரவேண்டும். வெள்ளிக்கிழமை பதிவுத் திருமணம். திங்கட்கிழமை மதியம், என் நாட்குறிப்பின்படி நல்ல மழை, மீனின் வலக்கண் காணாமல் போனது.

"இறங்குனதும் மொதல்ல இதைத்தான் பாப்பாரு தம்பி. பொட்டக்கண்ணு மீனோடயா போய் நிப்பேன்?" சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் முந்தானையால் அந்தப் பக்கத்தை மூடியிருந்தார்.

அன்று மாலையே டாலிகஞ்சில் இருந்த வங்காளித் தட்டாரிடம் மீனைக் கொடுத்தோம். மறுநாள் வீட்டுக்குப் போகும் வழியில் விசாரித்தேன். தாதா என்று எல்லோரும் கூப்பிடும் அந்தத் தட்டார் தலையைத் தூக்காமல் "கல் மிலேகா" என்றார். நாளை கிடைக்கும். புதன்கிழமை நான் தாமதமாக வருவதாக இருந்ததால், அலுவலகத்துக்குத் திரும்பி, அக்கா மேசையில் ஒரு துண்டுச் சீட்டு வைத்தேன்: "தாதா சொன்னது: கல் மிலேகா." தமிழ் எழுத்தில்தான் எழுதினேன். நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழி நாட்குறிப்பு எழுதுகிறவனுக்குப் பகை என்பது எனக்குத் தெரியும். அது தமிழ் எழுத்தில் வேறொன்றாகவும் ஆகும் என்பது அப்போது தோன்றவில்லை.

புதன்கிழமை நான் உள்ளே நுழைந்தபோது அலுவலகமே தரையில் தவழ்ந்துகொண்டிருந்தது. இழுப்பறைகள் எல்லாம் வெளியே. அக்கா பஞ்சிங் மெஷினின் அடித்தட்டைக் கழற்றிச் செய்தித்தாளில் கொட்டினார். வெள்ளைப் பொட்டுக் காகிதங்களின் நடுவே ஒரு சிவப்புப் பொட்டு மின்னியது.

"அந்த தாதாவுக்கு எப்படிய்யா தெரிஞ்சுது? மை போட்டுப் பாத்தாரா?"

எங்கள் பேச்சில் பாதி தமிழ், பாதி இந்தி. கல் கிடைக்கும் என்று தட்டார் குறி சொன்னதாகவே அக்கா படித்திருந்தார். நான் விளக்கியதும், கல்லை உள்ளங்கையில் மூடிக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "உன் சீட்டை ஃப்ரேம் போடணும்டா!" உடனே ஸ்கூட்டரில் டாலிகஞ்ச் போனோம்.

"ஹோ கயா, தீதி" என்று, வேலை முடிந்த நிம்மதியில் தாதா மீனை நீட்டினார். அந்த அளவில் சிவப்பு இல்லையென்று பச்சைக் கல் பதித்திருந்தார். திரும்பப் பிரித்தால் தகடு உடைந்துவிடும், தொடமாட்டேன் என்றார். திரும்பும் வழியெல்லாம் அக்கா மீனை முந்தானைக்குள் மூடிக்கொண்டே வந்தார்.

வியாழக்கிழமை கப்பல்துறையில் கூட்டம். இன்ஜினியர் பையைக் கீழே வைத்தார். சொன்னபடியே முதலில் மீனைத்தான் பார்த்தார். அக்கா தப்பு செய்தவர்போல அந்தச் சிவப்புக் கல்லை நீட்டி, "இது கெடைக்கறதுக்குள்ள..." என்று தொடங்கினார்.

"அடிப்பாவி, மீனுக்கு லைட் போட்டுட்டியா!"

கப்பலுக்கு இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. இன்ஜினியர் மீனின் தலையை விரலால் நிமிர்த்தி, நேர் எதிரே குனிந்து பார்த்தார். கற்கள் இரண்டும் வெயிலில் ஒளிர்ந்தன.

"ரெண்டும் சேந்து தெரிஞ்சா என்ன அர்த்தம் தெரியுமா?"

"என்ன?"

"கப்பல் நம்ம மேலயே நேரா வருதுன்னு அர்த்தம். ஒதுங்கணும்."

"அப்ப ஒதுங்குங்க" என்றார் அக்கா.

அவர் ஒதுங்கவில்லை. பின்னால் சுமைக்காரர்கள் "ஹடோ, ஹடோ!" என்று ஒதுங்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.