மைக் பிடித்த காளிதாசன்

“ஒங்க தாமான்ல, வீட்டு முன்னால தெரு லைட் எரியலன்னா யாருகிட்ட போயி சொல்லுவ, தம்பி?”

வேனில் ஏறுகிற எந்த இளையவரையும் காளிதாசன் இப்படித்தான் மடக்குவார். பள்ளியின் கடைசித் தேர்வான எஸ்பிஎம் முடித்து முதல் நாள் வேலைக்குக் கிளம்பியபோது, இதை எழுதுபவனும் அந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டான்.

“தெரியாதுல்ல? அப்ப நீயே தேர்தல்ல நில்லுலா. பதினெட்டு ஆயிருச்சுல்ல? ஒய்பி ஆயி சட்டமன்றத்துல ஒக்காரக் கொம்பு மொளைக்கணுமா?”

சுங்கை லாலாங்கிலிருந்து குருண் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேன் அவருடையது. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சட்டை எப்போதும் வெள்ளை, முழுக்கை, மடிப்புக் கலையாதது. வேன் ஓட்ட அது எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. கட்சி தன்னை என்றைக்காவது வேட்பாளராகக் கூப்பிடும் என்று அவர் காத்திருப்பது ஊருக்கே தெரியும். ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, கோயிலில் கழித்துப்போட்ட மைக்கை வாயருகே பிடித்து, “உங்கள் வேட்பாளர், உங்கள் காளிதாசன்” என்று சொல்லிப் பார்ப்பார். சிவப்பு விளக்கில் பக்கத்து மோட்டார் சைக்கிள்காரர் திரும்பினால் கொட்டாவி விடுவதுபோல் வாயை மூடிக்கொள்வார்.

இந்தத் தேர்தலில் கட்சி வேட்பாளராகக் கூப்பிட்டது பிரேமலாவை. இருபத்து நாலு வயது. அவர் வேனில் வேலைக்குப் போய்வந்து, அவர் தூண்டித்தான் கட்சியில் சேர்ந்தவள். அன்றோடு காளிதாசன் வேனில் ஏறுபவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்திவிட்டார்.

“நல்ல புள்ளதான்,” என்பார். “ஆனா சிலிப்பர் போட்டுகிட்டு ஓட்டு கேட்டா எவன் போடுவான்? மேடையில நிக்கத் தெரியணும்லா.”

“நீங்கதானே அண்ணே, நில்லு நில்லுன்னு உசுர வாங்குனீங்க?” என்றாள் பின்னால் இருந்த அன்பரசி.

“நிக்கத்தான் சொன்னேன். எனக்கு முன்னாடி போயி நிக்கச் சொன்னனா?”

வேன் முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

பிரசாரத்தின் முதல் ஞாயிறு காலையில் பிரேமலா அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். “அங்கிள், ஒங்க வேன்ல ஸ்பீக்கர் கட்டிக்கிட்டு பீடோங் பாசாருக்குப் போகணும். ஒங்க குரலுக்குத்தான் சனம் திரும்பிப் பாக்கும்.”

அவர் உள்ளே போனார். வெகுநேரம் கழித்து வெள்ளைச் சட்டையோடு வெளியே வந்தார்.

பாசார்ச் சந்தையின் முனையில் வேனை நிறுத்தி மைக்கை எடுத்தார். “உங்கள் வேட்பாளர், உங்கள் கா…”

மீன்கடையில் இரண்டு பேர் நிமிர்ந்தார்கள். பக்கத்து இருக்கையில் பிரேமலா தன் சிலிப்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காளிதாசன் மைக்கை வாயருகே இன்னும் இழுத்துக்கொண்டார்.

“உங்கள் பிரேமலா,” என்றார். பிறகு கையை நீட்டி ஒலியைக் கூட்டிவிட்டு, அந்தப் பெயரை மறுபடியும் சொன்னார்.

இதைப் படித்தவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். வேனை ஓட்டியவர் பெயர் காளிதாசன்.