பத்து மணி நெஞ்சு

எனக்கு மூச்சிழுப்பு வருவது விடிகாலையில். எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரி திறப்பது பத்து மணிக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்துப் பல வருஷமாகியிருந்தது. அந்த டிஸ்பென்சரிக்கு மட்டும் யாரும் போய்ச் சொல்லவில்லை போலிருக்கிறது.

இலங்கையில், மாத்தளைக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டம் அது. ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில், தூள் சலிக்கும் அறையில் எனக்கு வேலை. ஜன்னல் இருந்தது, திறக்க விடமாட்டார்கள். ஈரக்காற்று பட்டால் தூள் கெட்டுவிடுமாம். நாங்கள் கெட்டால் பரவாயில்லை! கல்யாணமாகி வந்த மூன்றாம் வருஷம் என் நெஞ்சில் விசில் அடிக்க ஆரம்பித்தது. காசநோய் என்று நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் முடிவு கட்டிவிட்டார்கள். வைத்தியம் பார்க்கத்தான் ஆளில்லை, முடிவு கட்ட லயம் முழுக்க ஆள் இருந்தது. என் நாத்தனார் எனக்கென்று ஒரு டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தாள். பக்கத்துக் காம்பராப் பெண்கள் பிள்ளைகளை என் மடியில் விடுவதை நிறுத்தினார்கள். என் புருஷன்கூடச் சாப்பிடும்போது அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

மாத்தளைப் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் டிஸ்பென்சர் ஐயா துண்டுச்சீட்டு எழுதித் தர வேண்டும். துண்டில்லாமல் போனால் வேலைக்கு டிமிக்கி கொடுத்ததாக ஆகிவிடும். பத்து மணிக்குப் போய் நிற்பேன். அதற்குள் வெயில் ஏறி, நெஞ்சு இளகியிருக்கும். அவர் குழாயை வைத்துப் பார்ப்பார்.

“நெஞ்சு நல்லாத்தானே இருக்கு? வேலைக்குக் கள்ளமா?”

“காலையில வந்து பாருங்க ஐயா. ஒரு வார்த்தை பேச முடியாதுங்க.”

“பேச முடியாதவ இவ்வளவு பேசுறியே!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மூன்று தடவை போய், மூன்று தடவையும் அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டு வந்தேன்.

கடைசியில், இழுப்பு வந்த ஒரு விடிகாலையில் டிஸ்பென்சர் ஐயாவின் வீட்டுக்கே கிளம்பிவிட்டேன்.

“ஐயா வீட்டுக்கெல்லாம் போகாத புள்ள. பத்துச்சீட்டு குடுத்துத் தோட்டத்த விட்டே அனுப்பிருவாங்க” என்றார் புருஷன். கூட வரவில்லை.

பத்தடிக்கு ஒரு தரம் நின்று நின்று ஏறினேன். அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்த சனம் பார்த்துக்கொண்டே என்னைக் கடந்தது. ஒருத்தரும் கை கொடுக்கவில்லை. அவ்வளவு பேர் நடந்த பாதையில் அப்படித் தனியாக நான் வேறெப்போதும் இருந்ததில்லை. ஐயா வாயில் பல்தூளோடு வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறிப்போனது. அன்றைக்கு அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்னால் சொல்லியிருக்க முடியாது. உடனே துண்டு எழுதினார்.

ஆஸ்பத்திரியில், இது காசநோய் இல்லை, ஒட்டாது, தூசியில் வேலை செய்யக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். மாத்திரையும் தந்தார்கள். அதைக் காட்டியதும் தோட்டத்தில் என்னைக் கொழுந்து பறிக்க மலைக்கு மாற்றினார்கள். நாலு மாதத்தில் விடிகாலையில் படுத்தபடியே மூச்சு விட்டேன். அந்தச் சந்தோஷத்தில், சலிக்கும் அறையில் என் இடத்துக்கு நாத்தனாரைப் போட்டதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. சுயநலம்தான், வேறென்ன?

வருஷம் திரும்புவதற்குள் ஒரு விடிகாலையில் அவள் படுக்கையிலிருந்து அந்த விசில் சத்தம் கேட்டது. எழுந்து போய் முதுகைத் தடவினேன். கையைத் தட்டிவிட்டாள்.

“யார்கிட்டயும் சொல்லிறாதீங்க அண்ணி. ரத்தோட்டையில இருந்து பொண்ணு பாக்க வர்றாங்க. எனக்கும் டம்ளரத் தனியா வச்சிருவாங்க.”

ஆனால் சும்மா இருக்க முடியவில்லை. இரண்டு நாள் கழித்து ஸ்டோருக்குப் போய், அவளையும் மலைக்கு மாற்றச் சொல்லி, அங்கே மேலதிகாரியான டீமேக்கர் ஐயாவிடம் கேட்டேன். அவளுக்கும் இழுப்பு என்று சொல்லிவிட்டேன். அவர் அவளைக் கூப்பிட்டார். முகமெல்லாம் தேயிலைத் தூளோடு வந்து நின்றாள்.

“ஒனக்கு இழுப்பாமே?”

“எனக்கா? ஒன்னுமில்லீங்க ஐயா. அண்ணிக்குத்தான் வியாதி.”

டீமேக்கர் என் பக்கம் திரும்பினார். “ஒனக்குத்தான் மாத்திக் குடுத்தாச்சே. இன்னும் என்னா?”

நான் அவளைப் பார்த்தேன். முந்தானையை வாயில் அழுத்தி, தோள் இரண்டும் மேலே ஏற, இருமலை அடக்கிக்கொண்டு நின்றாள். அப்படி நிற்பது என்னவென்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். என்னை அவர் பொய்க்காரி என்று திட்டித் துரத்திக்கொண்டிருந்தபோதே, அவள் திரும்பித் தூளுக்குள் போய்விட்டாள்.