வெட்டி ஒட்டிய சாமத்திய வீடு

என் சாமத்திய வீட்டு வீடியோவை வெட்டி ஒட்டியது நானேதான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. நான் பெரியபிள்ளையானதைக் கொண்டாட கொழும்பு வெள்ளவத்தையில் மண்டபம் எடுத்து, எனக்குப் பட்டுச் சேலை சுற்றி, சனத்தைக் கூட்டிய அம்மா, படம் பிடிக்க மட்டும் அப்பாவை நம்பிவிட்டார். அப்பாவுக்குக் கமராவைத் தொடங்கத் தெரியும், நிறுத்தத் தெரியாது. மண்டபத்து மின்விசிறி, விருந்தினரின் செருப்புகள், தன்னுடைய முழங்கால் என்று மூன்று மணி நேரம் எடுத்துத் தள்ளியிருந்தார்.

எந்நேரமும் லப்டொப்பும் கையுமாக இருப்பவள் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. டைம்லைனில் சிதறிக் கிடந்த துண்டுகளை ஒழுங்குபடுத்தினேன். வேண்டாததை வெட்டி, வெட்டிய இடம் தெரியாமல் அடுத்த துண்டை இழுத்து ஒட்டினேன். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அம்மா பின்னால் வந்து நின்றார்.

"மாமி உனக்குப் பக்கத்தில நிக்கிற இடத்தை எடுத்துவிடு பிள்ளை. கனடாவில இருக்கிறவை பார்த்தா கதைப்பினம்."

மாமி என்றால் அப்பாவின் அக்கா. மாமா காலமான பிறகு எங்களோடுதான் இருந்தார். என்னைத் தூக்கி வளர்த்தவர். சாமத்திய வீட்டுப் பலகாரம் முழுக்க அவர் கையால் செய்ததுதான். ஆனால் புருஷன் இல்லாதவர் என்று ஆராத்தி எடுக்க அவரை யாரும் கூப்பிடவில்லை. என் தலைப்பூ சரிந்தபோது ஒரே ஒரு தடவை ஓடி வந்து குத்திவிட்டுப் போனார். அது அப்பாவின் கமராவில் விழுந்திருந்தது. நான் ஏன் என்று கேட்கவில்லை. வெட்டினேன்.

சனிக்கிழமை பின்னேரம் எல்லோரும் தொலைக்காட்சிக்கு முன்னால் கூடினோம். பெரியம்மா வாயைத் திறக்காமல் ஆராத்தி சுற்றிக்கொண்டிருந்த காட்சியில் திடீரென்று ஒரு குரல் கேட்டது.

"நிமிர்ந்து இரு, என்ர குஞ்சு. வடிவா இருக்கிறாய்."

நான் படத்தை மட்டும் வெட்டியிருந்தேன். அதன் சத்தம் டைம்லைனின் கீழ் வரிசையில் தனியாக அப்படியே கிடந்திருக்கிறது.

"அது நான் சொன்னதல்லோ!" என்று மாமி சிரித்தபடி முன்னால் நகர்ந்து வந்தார். தன் முகம் வருமென்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்ததாகக் கேக் வெட்டுவது வந்தது.

அப்பா ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் அம்மாதான், "அந்தச் சத்தத்தையும் எடுத்துவிடு" என்றார்.

எனக்கு அவமானமாக இருந்தது. மாமிக்காக அல்ல, என் வேலையில் பிழை வந்துவிட்டதே என்று. அங்கேயே லப்டொப்பைத் திறந்து தேடினேன். இடம் பிடிபடவில்லை. மாமி எழுந்து வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கொஞ்சம் பின்னுக்குப் போ. இன்னும் கொஞ்சம். ஓம், அதிலதான் தொடங்குது."

வெட்டினேன். போட்டுக் காட்டி, "இப்ப சரியோ மாமி?" என்று கேட்டேன்.

"ஓம் பிள்ளை. இப்ப ஒண்டும் கேக்கேல்லை."

அந்த அறையில் இருந்த பெரியவர்கள்மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை. தாங்கள் செய்யக் கூசியதை ஒரு பிள்ளையின் கையால் செய்வித்தார்கள். ஆனால் வெட்டிய விரல் என்னுடையது. மாமி தன் குரலை என் பக்கத்தில் இருந்தே ஏன் தேடித் தந்தார் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு உதவி செய்கிறார் என்று நினைத்தேன், தன்னைத் தானே அழித்துக்கொள்கிறார் என்று அல்ல. நன்றி வேறு சொன்னேன்.