இரண்டாவது டப்பா

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் என் வீட்டுக்காரர் சூளை வேலை பார்த்தார். நான் பொம்மைகளுக்குச் சாயம் பூசினேன். மதியத்துக்கு இரண்டு டப்பா கொண்டுபோய்ச் சேர்ந்து சாப்பிடுவோம்.

அவர் இறந்து, காரியம் முடிந்து, வேலைக்குத் திரும்பிய முதல் நாள் பையைத் திறந்தால் இரண்டு டப்பா இருந்தது. பழக்கத்தில் கை இரண்டையும் கட்டிவிட்டது. சுற்றியிருந்தவர்கள் உச்சுக்கொட்டியதும் எனக்குக் கோபம்தான் வந்தது. என்னோடு சாயம் பூசுகிற அக்கா மட்டும் இரண்டாவது டப்பாவை இழுத்துத் திறந்தார்.

"கொழம்புல புளி தூக்கலா இருக்குதும்மா" என்றார்.

மறுநாளும் இரண்டு கட்டினேன். மூன்று மாதம் அக்காதான் சாப்பிட்டார். அவர் சோறு கொண்டுவருவதில்லை என்றே நினைத்திருந்தேன்.

ஒரு நாள் ஒரே டப்பாவோடு போய், அக்காவுக்கு இன்று சோறில்லையே என்ற கூச்சத்தோடு உட்கார்ந்தேன். அவர் தன் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வைத்தார்.

"தெனம் கொண்டாந்துகிட்டுதான் இருந்தேன். சாயந்தரம் வூட்டுக்குப் போயி சாப்புடுவேன்."

அந்த டப்பாவை என் பக்கம் இழுத்து ஒரு வாய் சாப்பிட்டேன். உப்பு பத்தவில்லை. சொல்லிவிட்டேன்.