இரண்டாவது தட்டு

அந்தச் சாலையில் பஞ்சர்க்காரர் என்றால் அவர் ஒருவர்தான். மற்றவர்களும் கடை போட்டிருக்கிறார்கள், இல்லையென்று யார் சொன்னது? அவர்கள் ஒட்டினால் ஒட்டு போய்விடும். இவர் ஒட்டினால் டயர் தேய்ந்து ஓய்ந்து போகுமே தவிர ஒட்டு அசையாது. மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காத மனிதர். டயர் நெம்புகிற இரண்டு லிவரும் ஒரு கைப்பம்பும் எடுத்துக்கொண்டு வந்து சாலையோரத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தவர். இன்றைக்குக் கம்ப்ரசர் என்ன, ஜாக்கி என்ன, தகரக் கூரை போட்ட கடை என்ன, கடைக்குப் பின்னாலேயே சொந்த வீடு என்ன! "எல்லாம் இந்தக் கை பண்ணினது" என்று கையைத் தூக்கிக் காட்டுவார். எந்தச் சோப்புக்கும் மசியாத கறுப்புக் கை.

மொத்தம் நாலு கை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மற்ற இரண்டும் அவர் மனைவியுடையவை. லாரி, பஸ் எல்லாம் இவர் பங்கு. சைக்கிளும் பைக்கும் அந்த அம்மா பங்கு. டிரைவர்கள் இவரை அண்ணே என்பார்கள், அந்த அம்மாவை அக்கா என்பார்கள். அண்ணனிடம் மல்லுக்கட்டுகிறவன்கூட அக்காவிடம் வாயைத் திறக்கமாட்டான்.

கடையை ஒரு நொடிகூட ஆளில்லாமல் விட்டது கிடையாது. டயர் வெடித்த வண்டி சொல்லிக்கொண்டா வரும்? இவர் சாப்பிட உள்ளே போனால் அம்மா வாசலில். இவர் அவசர அவசரமாக விழுங்கிவிட்டுக் கை கழுவி வந்து நின்றால் அம்மா உள்ளே. கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷம் ஆகப்போகிறது, இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டதில்லை. அது ஒரு குறையாக அவர்களுக்குத் தோன்றியதும் இல்லை.

தோன்ற வைத்தது ரேடியோ. கடையில் ஒரு பழைய ரேடியோ பாடிக்கொண்டே இருக்கும். பாட்டு சூடுபிடிக்கிற நேரம் பார்த்துத்தான் கம்ப்ரசருக்கும் உயிர் வரும். தடதடவென்று அது போடுகிற சத்தத்தில் பாட்டு இருக்குமிடம் தெரியாது. அது ஓய்கிறபோது ரேடியோவில் விளம்பரம் ஓடும். ஒருநாள் ட்யூபைத் தேய்த்துக்கொண்டே அந்த அம்மா சிரித்தபடி சொன்னார், "இத்தனை வருஷமா பாட்டு கேக்கறேன். ஒண்ணாவது எப்படி முடியும்னு தெரியாதுங்க."

பஞ்சர்க்காரருக்குச் சுருக்கென்றது. அன்று முழுக்க லிவர் கைக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

மறுநாள் காலையில் அறிவித்துவிட்டார். "இந்தக் கல்யாண நாளுக்கு நாம டவுனுக்குப் போறோம். ரெண்டு பேரும் சேந்து உக்காந்து சாப்பிடறோம். நீ ஒரு பாட்டை முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் கேக்கற. அவ்வளவுதான்."

"யாரு, நீங்களா? கல்யாணத்தன்னைக்கே மாப்பிள்ளை வண்டிக்கு இறங்கி ஸ்டெப்னி மாட்டின ஆளு! போங்கங்க, வேலையைப் பாருங்க."

"மாட்டினேன்ல? அந்த வண்டி உன்னை ஒழுங்கா வீடு கொண்டுவந்து சேத்துதா இல்லையா?"

செய்தி கேட்டு, வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் போனில் ஒரு திட்டம் அனுப்பினாள். எத்தனை மணிக்கு எங்கே, எந்தக் கடைக்கு எத்தனை நட்சத்திரம் என்று பெரிய பட்டியல். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏம்மா, நட்சத்திரத்தைப் பாத்தா சோறு திம்பாங்க? லாரியை ஓரங்கட்டிட்டு டிரைவர் எங்க இறங்கறானோ, அங்கதான் வாய்க்கு ருசியா இருக்கும். அந்த ஊரு பூரா சுத்தினவனெல்லாம் உங்கப்பன் கடைக்குத்தான் வர்றான்."

அது பொய்யில்லை. அன்றிலிருந்து டயர் கழற்ற வந்தவர்களிடமெல்லாம் ஒரே விசாரணை. டவுனில் எங்கே நன்றாக இருக்கும்? எங்கே பாட்டு வாசிப்பார்கள்? சுவரில் சாய்த்து வைத்திருந்த பெரிய லாரி டயரில் சாக்பீஸால் ஆளுக்கொரு கோடு இழுத்தார்கள். சிமெண்டு வண்டிக்காரர் ஆற்றை வரைந்தார். பால்வண்டிக்காரர் ரொட்டிக் கடைக்கு வட்டம் போட்டார். மீன் எங்கே நல்லது என்பதில் இரண்டு பேருக்குக் கைகலப்பே வந்திருக்கும்.

"ஸ்டேஷன் பின்னாடி இருக்கற கடையா? அங்க மீனைத் தண்ணியில காட்டிட்டு எடுத்துருவான்யா!"

"நீ சாப்பிட்ட கடையில மீனே கிடையாது, முள்ளுதான்!"

டேங்கர் ஓட்டுகிற பெரியவர் சாக்பீஸை வாங்கி, பாலத்துக்குக் கீழே ஒரு புள்ளி வைத்தார். "அண்ணே, இங்க போங்க. சாயந்திரமானா ஒருத்தர் வயலின் வாசிப்பார், ஒரு பொண்ணு பாடும். வறுத்த மீனும் சூப்பும். அக்காவுக்குப் பிடிக்கலைன்னா என் வண்டியை உங்க கடைப்பக்கம் விடாதீங்க."

டயரைத் தோளில் போட்டுக்கொண்டு டவுனுக்குப் போகவா முடியும்? மனதில் ஏற்றிக்கொண்டார். போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்ன மகளிடம் வீடியோ காலில் மண்டையைத் தட்டிக் காட்டினார்.

அம்மாவுக்குத்தான் கடையைவிட்டு நகர மனம் வரவில்லை. கிளம்புகிற காலையில்கூட ஜாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துக் கடை வெல்டர் கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டார். "அக்கா, ரெண்டு நாள் நான் பாத்துக்கறேன். நீங்க இல்லைன்னா ஊர்ல இருக்கற டயரெல்லாம் ஒரேயடியா இறங்கிடாது. போயிட்டு வாங்கக்கா!"

டவுன் அவர் சொன்னபடியே கேட்டது. ரொட்டிக் கடை வட்டம் போட்ட இடத்திலேயே இருந்தது. ஆறு, கோடு போட்ட பக்கமே ஓடியது. "பாத்தியா, பாத்தியா" என்று தெருவுக்குத் தெரு அவர் நெஞ்சு நிமிர்ந்தது. "ஆறு உங்களைக் கேட்டுத்தான் ஓடுது, வாங்க" என்று அம்மா கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

மாலையில் பாலத்தடிக் கடை. மர மேசை, வெள்ளைத் துணி. மூலையில் வயலின்காரர் கம்பியை முறுக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தட்டிலும் மீன் ஆவி பறக்க வந்தது. டேங்கர்க்காரர் நாக்கு வாழ்க என்று நினைத்தபடி பஞ்சர்க்காரர் முதல் வாயை வைத்தார். அப்படி ஒரு ருசி.

அடுத்து என்ன நடந்தது என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கை தானாகப் போயிற்று, வாய் தானாக மென்றது. தட்டு காலியாயிற்று. எழுந்தார், கை கழுவினார், விறுவிறுவென்று வாசலுக்கு வந்து சாலையைப் பார்த்து நின்றார்.

இரண்டு வண்டி போயிற்று. எதுவும் அவரிடம் நிற்கவில்லை. அப்போதுதான் உறைத்தது. திரும்பிக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். உள்ளே அந்த அம்மா அவர் எழுந்து போனதை வித்தியாசமாகவே நினைக்கவில்லை. இப்போது தன் முறை என்பதுபோல, தட்டை அருகே இழுத்துக்கொண்டு, தனியாகச் சாப்பிட ஆரம்பித்திருந்தார்.

ஊரெல்லாம் கூட்டித் திட்டம் போட்டு, ஆற்றைத் தாண்டிக் கூட்டிவந்து, கடைசியில் கெடுத்தது வேறு யாருமில்லை, இந்த மகாராசன்தான். கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. முப்பத்தைந்து வருஷமாக இந்தப் பெண் இப்படித்தான் சாப்பிட்டிருக்கிறாள். இவர் வயிறு நிறைந்த பிறகு, தனியாக, ஒரு காதை வாசலில் வைத்துக்கொண்டு. ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. 'இந்தக் கை, இந்தக் கை' என்று தூக்கிக் காட்டினோமே, அந்தக் கைக்குச் சோறு போட்டுவிட்டு அப்புறம் சாப்பிட்டவள் அல்லவா இவள்!

உள்ளே போய் எதிரில் உட்கார்ந்தார். சர்வரைக் கூப்பிட்டார். "தம்பி, இன்னொரு மீன் கொண்டா."

"அம்மாவுக்குங்களா ஐயா?"

"எனக்குத்தான்."

சர்வர் காலித் தட்டைப் பார்த்தார், அவர் வயிற்றைப் பார்த்தார். "இப்பதானே ஐயா முடிச்சீங்க?"

"அது கடைக்காரன் சாப்பிட்டது. இது புருஷன் சாப்பிடறதுக்கு."

அம்மாவுக்குப் புரை ஏறிவிட்டது. தண்ணீரைக் குடித்துவிட்டுச் சிரித்தார். கண்ணில் நீர் வந்தது புரையாலா சிரிப்பாலா என்று அவர் கேட்கவில்லை. இரண்டாவது தட்டு வருகிறவரை அம்மா சாப்பிடாமல் காத்திருந்தார். வந்ததும் தன் தட்டிலிருந்து நல்ல துண்டாகப் பார்த்து அவர் தட்டில் வைத்தார்.

"ஏம்மா, நான் ஏற்கெனவே கழுத்து வரைக்கும் இருக்கேன்."

"நீங்க சாப்பிடறதை நான் இன்னும் உக்காந்து பாத்ததில்லையே. மெதுவா சாப்பிடுங்க."

வயலின்காரர் பக்கத்தில் நின்று அந்தப் பாட்டுக்காரப் பெண் பாட ஆரம்பித்தாள். வேற்று மொழிப் பாட்டு, இருவருக்கும் பாதிதான் புரிந்தது. பாட்டின் நடுவில் வெளியே எங்கோ படாரென்று ஒரு டயர் வெடித்தது. பின்சக்கரம், உள்பக்க டயர், லோடு வண்டி, சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தும்விட்டார். அம்மா கண்ணைப் பாட்டிலிருந்து எடுக்காமலே மேசைக்கு மேலே கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தார். ட்யூபைத் தண்ணீரில் அமுக்குகிற அதே பிடி. உட்கார்ந்துவிட்டார்.

பாட்டு மேலே போய், சுற்றி வந்து, கடைசியில் மெல்ல இறங்கி, வயலினின் ஒற்றைக் கம்பியில் நின்றது. கை தட்டினார்கள். அம்மா தட்டவில்லை, ஒரு கைதானே மிச்சம் இருந்தது.

"இப்படித்தான் முடியுமா?" என்றார்.

"நல்லா இருக்கா?"

"ம்." அவர் மணிக்கட்டை விடாமலே, "அந்த டேங்கர்க்காரர் வண்டிக்கு இனிமே நான்தாங்க காத்து பிடிப்பேன்" என்றார்.