கிளிக்கு வைத்த தண்ணீர்

போர்டுகளில் பாண்டிச்சேரி புதுச்சேரியாக மாறிய வருடம். லாஸ்பேட்டையில் நான் விலங்கியல் நடத்திய கல்லூரியின் வாட்ச்மேனை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான் வருகிறது. தொளதொள காக்கிச் சட்டை, கழுத்தில் ஒருநாளும் ஊதாத விசில். கேட் அருகே அவர் வளர்த்த மிளகாய்ச் செடிக்குக் கிளிகள் வரும். பாவம், நாக்கு எரியுமே என்று தினமும் கிண்ணத்தில் தண்ணீர் வைப்பார்.

“விதைய மென்னு அழிக்கிற மிருகத்த விரட்டத்தான் செடி காரத்த வெச்சிருக்கு. விதையப் பரப்புற கிளிக்கு அது உறைக்கவே உறைக்காது,” என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! தலையாட்டிவிட்டுத் தண்ணீர் வைப்பார்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல், “எரிஞ்சாலும் தண்ணிக்கு அடங்காது, பாருங்க,” என்று ஒரு பழத்தைப் பறித்துக் கடித்தேன். அவருடைய பாட்டில் தண்ணீர் முழுவதையும் குடித்தேன். கண்ணில் நீர் கொட்டியது. “அடங்கல, பாத்தீங்களா?”

அவர் முகம் வாடிவிட்டது.

“உங்களுக்கே இப்படின்னா, அதுக்கு எவ்ளோ சின்ன நாக்கு சார்,” என்றபடி இன்னொரு கிண்ணமும் எடுத்து வைத்தார்.