போத்தல் கழுத்தில் சுங்குடித் துணி

மருந்து இருந்தது. அதை ஊற்றிக் கொடுக்கப் போத்தல்தான் இல்லை. குளிர்காய்ச்சல் வந்த அந்தக் காலத்தைப் பற்றி இன்று யார் பேசினாலும் கொயினா மருந்து கிடைக்கவில்லை என்றே சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். கொயினா ரயிலில் டின் டின்னாக வந்து எங்கள் நகரசபைக் கிட்டங்கியில் அடுக்கிக் கிடந்தது. டிஸ்பென்சரியில் மருந்து கலக்குகிற அப்போதிக்கரி அதைக் கரைத்துக் கலவையாகத்தான் கொடுப்பார். வாங்க வருகிறவர் தம் வீட்டுப் போத்தலைக் கொண்டுவர வேண்டும், அதுதான் எல்லா டிஸ்பென்சரியிலும் வழக்கம். ஊரே ஒன்றாகப் படுத்துக்கொண்டால் அத்தனை போத்தலுக்கு ஏழைகள் எங்கே போவார்கள்?

குளிர் மேட்டில் இருந்த எங்களுக்குக் காய்ச்சல் வரவில்லை. அது கீழே, நோட்டன் பிரிட்ஜ் பக்கத்திலும் கினிகத்தேனைக்குக் கீழான சரிவுகளிலும் வீடு வீடாகப் புகுந்திருந்தது. ரயில் நிற்கிற ஊர் என்ற ஒரே காரணத்துக்காக, கீழே மருந்து அனுப்பும் வேலை எங்கள் சபையின் தலையில் விழுந்தது. ரோட்டு விளக்குக்கு எண்ணெய் வாங்கவே மாதக்கணக்கில் கூட்டம் போடுகிற சபை அது.

என் வீட்டுக்காரர் பஜாரில் வெற்றுப் போத்தலும் சாக்கும் வாங்கி விற்கிற கடை வைத்திருந்தார். சபைக் கிளாக்கர் ஒரு நாள் காலையில் குடையை மடக்கிக்கொண்டு கடைக்குள் வந்தார்.

"மூணு கடையில விலை எழுதி வாங்கணும்ங்க. அப்பதான் ஓடர் போடலாம்."

"இந்த ஊர்ல போத்தல் கடை இது ஒன்னுதானேங்க?"

"அப்ப இன்னும் ரெண்டு பேருகிட்ட எழுதி வாங்கிக் குடுத்துருங்க."

துணிக்கடைக்காரர் ஒரு விலை எழுதினார். பேக்கரிக்காரர் ஒரு விலை எழுதினார். பேக்கரிக்காரர் போத்தல் விலை தெரியாமல் குறைத்து எழுதிவிட்டதால் ஓடர் அவருக்கே போய்விட்டது. மாவுக் கையோடு ஓடிவந்து, தமக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். இதற்குள் கீழே எத்தனை வீட்டில் அடுப்பு அணைந்ததோ. கொழும்பிலிருந்து புதுப் போத்தல் வரவழைக்கவும் ஒரு டெண்டர் போட்டார்கள். அதில் தக்கையைச் சேர்க்க மறந்துபோனார்கள். தக்கைக்கு வேறு டெண்டர். அந்தப் போத்தல்கள் வந்து சேர்ந்தபோது காய்ச்சலே ஓய்ந்திருந்தது. பிறகு அவற்றை ஏலத்தில் எடுத்தவரும் என் வீட்டுக்காரர்தான்.

ஆக, இருக்கிற பழைய போத்தல்களையே சுற்றவிட்டார்கள். லொறி மருந்தோடு கீழே இறங்கும். பள்ளிக்கூடத்து வராந்தாவில் வைத்து ஊற்றிக் கொடுப்பார்கள். முடிந்த போத்தல்களைச் சாக்கில் கட்டி மேலே கொண்டுவருவார்கள். கடைக்குப் பின்னால் நான் சபை கொடுத்த கூலிக்கு சோடா உப்புப் போட்ட வெந்நீரில் கழுவிக் கொடுப்பேன். அப்போது நான் மாசமாக இருந்தேன். குனிய முடியாமல் ஒரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து கழுவினேன்.

சாராயப் போத்தல், பன்னீர்ப் போத்தல், விளக்கெண்ணெய்ப் போத்தல், பங்களா துரைமார் குடித்துப் போட்ட சதுரப் போத்தல் என்று எல்லாம் வரும். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு கந்தல் கட்டியிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத சனம், அந்த முறை தனக்குக் கிடைத்த போத்தல் எது என்று அடையாளம் தெரிய வீட்டுத் துணியில் கொஞ்சம் கிழித்துக் கட்டிவிடுவார்கள். வேட்டிக் கரை, சேலைத் தலைப்பு, குழந்தைச் சட்டையின் கை. ஈரத்தில் இறுகிப்போன அந்த முடிச்சுகளைக் கத்தியால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அறுத்த கந்தல்கள் என் காலடியில் குவியும். அந்தக் குவியலைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும். வாசலில் செருப்புகள் கிடக்க, உள்ளே யாருமே இல்லாத வீடு மாதிரி இருக்கும் அது.

சில போத்தல்கள் சுத்தமாகக் காலியாக வரும். சிலவற்றில் மருந்து பாதி மிச்சம் இருக்கும். குடித்து எழுந்தவன் ஏன் மிச்சம் வைக்கப்போகிறான்? பாதியோடு வருகிற போத்தல் எந்த மாதிரி வீட்டிலிருந்து வருகிறது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, தானாகவே தெரிந்துபோனது. மிச்சத்தைக் கொய்யா மரத்தடியில் ஊற்றுவேன். அங்கே எறும்பு வருவது நின்றுபோனது.

கழுவாத போத்தல்களை முற்றத்தில் நிமிர்த்தி வைத்திருப்போம். மலைக்காற்று அவற்றின் வாய்மேல் போகும்போது ஊ என்று ஒரு சத்தம் வரும். ஒரு போத்தல் தொடங்கினால் மற்றவை சேர்ந்துகொள்ளும். பனி இறங்கி எதிர்ச்சுவரே தெரியாத நண்பகலில், முற்றம் நிறைய ஆட்கள் உட்கார்ந்து முனகுகிற மாதிரிக் கேட்கும். கழுவிக் கவிழ்த்து வைத்தவை சத்தம் போடாது. அதனாலேயே வேகமாகக் கழுவினேன். எவ்வளவு தேய்த்தாலும் விரலில் கொயினாக் கசப்பு போகவில்லை. நான் பிசைந்து கொடுத்த சோற்றை என் வீட்டுக்காரர் ஒரு வாய்க்கு மேல் சாப்பிட மாட்டார். தோசைகூடக் கசந்தது.

என் கவலையெல்லாம் என் தங்கச்சியைப் பற்றித்தான். கினிகத்தேனையிலிருந்து கீழே இறங்குகிற ரோட்டில் அவளுக்கு ஒரு தேத்தண்ணிக் கடை. புருஷன், தம் அப்பா செத்த காரியத்துக்கென்று இந்தியா போனவர், காய்ச்சலால் வழிகள் அடைபட்டு அங்கேயே நின்றுவிட்டார். இவள் கைக்குழந்தையோடு தனியாக இருந்தாள். பஸ் ஓடவில்லை. கீழேயிருந்து வருகிறவர்களை ஊர் எல்லையிலேயே மறித்தார்கள். நான் போகிறேன் என்றால், "வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு அந்தக் காய்ச்சலுக்குள்ளயா போவ?" என்று என் வீட்டுக்காரர் கதவை மறித்து நிற்பார். உயிரோடு இருக்கிறாளா என்று தெரிந்தால் போதும், அதற்குமேல் ஒன்றும் வேண்டாம் என்று இருந்தது எனக்கு.

அப்படியிருக்க ஒரு நாள் ஒரு பன்னீர்ப் போத்தலின் கழுத்தில் அரக்குச் சுங்குடித் துணியைப் பார்த்தேன். வெள்ளைப் புள்ளி போட்ட மதுரைச் சுங்குடி. அவள் கல்யாணத்துக்கு நான் எடுத்துக் கொடுத்த சேலை. அந்தப் பக்கத்தில் வேறு யாரிடமும் அது இருக்க முடியாது. போத்தலைத் தூக்கிப் பார்த்தேன். பாதி மருந்து மிச்சம் இருந்தது.

அன்று நான் அழவில்லை. போத்தலைக் கழுவாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். துணியை அவிழ்க்கலாம் என்று தொட்டேன். ஒரு இழுப்பில் கழன்று கையோடு வந்துவிட்டது. என் தங்கச்சி இடக்கைக்காரி. சின்ன வயதிலிருந்தே அவள் ரிப்பன் கட்டினாலும் சாக்கு கட்டினாலும் ஒரு சுருக்கு விட்டுத்தான் கட்டுவாள். நுனியை இழுத்தால் அவிழ்ந்துவிடும். கட்டியவள் அவள்தான் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் எப்போது கட்டினாள், அதற்குப் பிறகு என்ன ஆனாள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அடுத்த லொறியில் அதே துணி மறுபடி வந்தது. இந்த முறை விளக்கெண்ணெய்ப் போத்தலில். அதற்கடுத்த லொறியில் இரண்டு போத்தலில் வந்தது. ஒன்று காலி, ஒன்றில் மிச்சம். எல்லாமே அதே சுங்குடி, அதே சுருக்கு. ஒருத்திக்கு எத்தனை போத்தல்? செத்தவள் திரும்பத் திரும்ப எப்படித் துணி கட்டி அனுப்புகிறாள்? என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். "வேற யாருக்காவது பழைய சேலைய குடுத்திருக்கும்" என்றார். ஆனால் அவரும் அந்தத் துணியைக் கையால் தொடவில்லை.

லொறிக்காரர் சிங்களவர், பஜார்த் தமிழ் நன்றாகப் பேசுவார். கீழே விசாரித்துப் பார்க்கச் சொன்னேன். அடுத்த முறை வந்தவர் சிரித்துக்கொண்டே இறங்கினார்.

"அக்கா, தங்கச்சி நல்லா இருக்கு. அந்த வீட்டு வரிசையில எல்லாரும் படுத்துட்டாங்க. தங்கச்சிதான் எல்லாரு போத்தலும் தூக்கிட்டு மருந்துக்கு வருது. தன் சேலைய கிழிச்சு எல்லாத்துக்கும் கட்டுது. அக்காதான் மேல கழுவுறாங்கன்னு நான் சொன்னேன். அக்கா கை வெடிக்கும், லேசா அவுர்ற மாதிரி கட்டுறேன்னு சொல்லிச்சு."

அப்போதுதான் அழுதேன். அதற்குப் பிறகு சாக்கைக் கொட்டியதும் முதலில் சுங்குடியைத்தான் தேடுவேன். நுனியை இழுப்பேன், அவிழும். இருக்கிறாள். இன்னொன்றை இழுப்பேன். இருக்கிறாள். அவிழ்த்த துணிகளைக் கந்தல் குவியலில் போடாமல் அலசிக் கொடியில் காயவைத்தேன். முற்றத்துப் போத்தல்கள் முனகினாலும் முன்போல மனம் நடுங்கவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மேலிடத்திலிருந்து ஓர் ஐயா கணக்குப் பார்க்க வந்து சேர்ந்தார். போத்தல் வாங்கியதற்கு அனுமதி இருக்கிறது, கழுவியதற்குக் கூலி கொடுத்த அனுமதி எங்கே என்று கேட்டாராம். பதில் வரும்வரை கழுவக் கூடாது. கழுவாத போத்தலில் மருந்து ஊற்றக் கூடாது. போத்தல் இல்லாமல் மருந்தை எதற்கு ஏற்றுவது என்று லொறியும் நின்றது. நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேரே சபைக்கே போனேன்.

"கூலி வேணாங்க. சும்மா கழுவித் தாரேன்."

கிளாக்கர் பாவம், என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். "சும்மா கழுவுறதுக்கும் அனுமதி வேணும்மா."

கணக்குப் பார்க்க வந்த அந்த ஐயாவுக்கு நான் கொடுத்த சாபத்தை இங்கே எழுத முடியாது. ஒரு வாரத்துக்கும் மேலாக லொறி அசையவில்லை. கழுவாத போத்தல்கள் முற்றத்தில் அப்படியே நின்றன. காற்று வரும்போதெல்லாம் அவை ஊளையிட்டன. நான் காதில் துணியை அடைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

அனுமதி வந்தது, லொறி போனது, வந்தது. சாக்கைக் கொட்டினேன். சுங்குடி இருந்தது. அரக்கு நிறத்தைக் கண்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நுனியைப் பிடித்து இழுத்தேன்.

அவிழவில்லை.

ஈரத்தில் சுருக்கு மாட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்து மறுபடி இழுத்தேன். அடுத்த போத்தலை எடுத்தேன். அதுவும் இறுகியிருந்தது. விறகுக் கட்டுக்குப் போடுவது போல, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முடிச்சு. துணி என் தங்கச்சியுடையது. கட்டிய கை அவளுடையது இல்லை. அவள் துணியை அறுக்க நான் முதல் முறையாகக் கத்தி எடுக்க வேண்டியிருந்தது. அறுக்க மனம் வரவில்லை.

"அவசரத்துல கட்டியிருக்கும். சும்மா யோசிக்காத" என்றார் என் வீட்டுக்காரர். அவர் குரலே அவருக்குத் துணைக்கு வரவில்லை. மறுநாள் காலையில் லொறி புறப்பட்டபோது நான் முன்னாலேயே ஏறி உட்கார்ந்துவிட்டேன். இறங்கச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

கினிகத்தேனை தாண்டியதும் பனி விட்டது, வெயில் வந்தது. வெயிலில் ஒரு சத்தமும் இல்லை. ஒரு வீட்டிலும் புகை இல்லை. வாசல்களில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் லொறியைப் பார்த்தார்கள், எழுந்திருக்கவில்லை. நாய்கூடக் குரைக்கவில்லை. எனக்குப் பின்னால் போத்தல்கள் மட்டும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே வந்தன.

தங்கச்சி கடையின் பலகைகள் போட்டிருந்தன. பக்கத்து வீட்டு வாசலில் ஒரு சிங்களப் பெண் நின்றாள், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். இடுப்பில் என் தங்கச்சியின் குழந்தை இருந்தது. அவளுக்குப் பின்னால் கொடியில் ஒரு முழத் துண்டு சுங்குடி தொங்கியது. என் வயிற்றையும் முகத்தையும் பார்த்து நான் யார் என்று அவளே தெரிந்துகொண்டாள். குழந்தையை என் கையில் கொடுத்தாள். பிறகுதான் பேசினாள். பஜாரில் புழங்கிய சிங்களம் எனக்குப் போதுமாக இருந்தது.

லொறி வராத அந்த வாரத்தில்தான் நங்கிக்கு, என் தங்கச்சியை அவள் அப்படித்தான் சொன்னாள், காய்ச்சல் கண்டதாம். மருந்துக்கு அவள் அந்தப் பள்ளிக்கூட வராந்தாவரை நடந்து போய், போத்தலை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாளாம். கண்ணை மூடுவதற்கு முன் அந்தச் சேலையை இவளிடம் கொடுத்து, மருந்து வரத் தொடங்கினால் எல்லாப் போத்தலுக்கும் இதையே கட்டுங்கள், நிறுத்திவிடாதீர்கள் என்றாளாம். துணி வருகிறவரை அக்கா என்னைத் தேடி இறங்க மாட்டாள், அவள் பிள்ளை பெற்று முடியட்டும் என்றாளாம்.

"சேலை முடிந்துபோகுமே என்று மெல்லிசாகக் கிழித்துத்தான் கட்டினேன்" என்றாள் அந்தப் பெண். "வழியில் கழன்று விழுந்தால் நீங்கள் பயந்துவிடுவீர்களே என்று இறுக்கி இரண்டு முடிச்சுப் போட்டேன். நான் கட்டியதில் ஏதாவது தப்பா, நங்கி?"

என்னையும் அவள் நங்கி என்றுதான் கூப்பிட்டாள். குழந்தை என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தது.

"ஒரு தப்பும் இல்லை அக்கே" என்றேன். "நல்லாத்தான் கட்டியிருந்தீர்கள்."